மக், ரீசேட், சாவித் தகடு: எதற்கு எந்த முறை?

நிலாவெளி ஹோட்டலுக்கோ விளையாட்டுக் கழகத்துக்கோ லோகோ பதித்த பொருட்களுக்கு ஓடர் எடுக்கும்போது, லோகோவைப் பார்க்க முன் பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். முறையைத் தீர்மானிப்பது அதுதான்.

வெள்ளை மக்குக்கு சப்ளிமேஷன், அதாவது தாளில் அச்சடித்த மையைச் சூட்டால் ஆவியாக்கிப் பொருளில் பதிப்பது. சாதாரண பீங்கானில் மை பிடிக்காது. சப்ளிமேஷன் பூச்சுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். படத்தை சப்ளிமேஷன் தாளில் இடவலம் மாற்றி அச்சடித்து, வெப்பம் தாங்கும் ரேப்பால் இறுக்கி ஒட்டி, 180 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 3 நிமிடம் ஹீட் பிரெஸ்ஸில் (சூடாக்கி அழுத்தும் மெஷினில்) வையுங்கள். எடுத்ததும் சூட்டோடு தாளை உரியுங்கள். தாமதித்தால் மை இன்னும் ஆவியாகி ஓரம் மங்கும். கறுப்பு பழுப்பாக வந்தால் சூடோ நேரமோ கூடிவிட்டது. கைப்பிடிக்கு அருகில் மட்டும் வெளிறினால் அங்கே அழுத்தம் எட்டவில்லை. படத்தை 1 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள்.

மாரி மழை தொடங்கினால் வேறு தொல்லை. தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரெஸ்ஸில் அது நீராவியாகி மையைக் கலைத்து, புள்ளியும் கசிவும் விழும். மெஷினில் பிழை தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். தாளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அச்சடித்த பிறகு ஹெயார் ட்ரையரால் உலர்த்தினால் போதும்.

பருத்தி ரீசேட்டில் சப்ளிமேஷன் செய்தால் சில கழுவலிலேயே வெளிறிவிடும். அதற்கு ஸ்கிரீன் பிரிண்ட்தான், அதாவது சட்டத்தில் கட்டிய வலையின் ஊடாக மையைத் தள்ளி அச்சடிப்பது. நிறத்துக்கொரு சட்டம் செய்யவேண்டியதால் பத்து ரீசேட்டுக்குக் கட்டாது. இதற்குப் பாவிக்கும் பிளாஸ்ரிசோல் மை (சூட்டில் இறுகும் பிளாஸ்ரிக் மை) அடிவரை 160 பாகையை எட்டவேண்டும். மேலே காய்ந்தும் அடியில் வேகாதிருந்தால் கழுவும்போது வெடித்து உரியும். ஆறியபின் துணியை இழுத்துப் பாருங்கள், வெடித்தால் மறுபடி சூடாக்குங்கள்.

சிரட்டை, மரம், அக்ரிலிக்கில் பொறிக்கக் காபனீரொட்சைட்டு லேசர். உலோகப் பேனாவுக்கு ஃபைபர் லேசர். சிரட்டை வளைவானது என்பதால் பெரிய லோகோவின் ஓரங்களில் குவியம் தப்பும், சிறிதாகவே வையுங்கள். ரெக்சின் சாவிக்கோர்வையில் கவனம் தேவை: அது பிவிசி (குளோரின் உள்ள பிளாஸ்ரிக்) என்றால் லேசரில் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், நுரையீரலும் மெஷினும் கெடும். சுட்ட செப்புக் கம்பியால் அதைத் தொட்டுக் கம்பியைத் தீயில் பிடித்துப் பாருங்கள். சுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது, லேசரில் வைக்கக்கூடாது.

கடலோர ஹோட்டல் அறைச் சாவிக்கு எவர்சில்வர் தகடு கேட்பார்கள். லேசர் பட்ட இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் ஒட்சைட்டுப் படலம் குலைவதால், உப்புக் காற்றில் எழுத்தோரம் பழுப்பேறலாம். அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் ஒட்சைட்டுப் படலம் ஏற்றிய) நிற அலுமினியத் தகட்டைக் காட்டிப் பாருங்கள்: எழுத்து வெளிறித் தெளிவாக விழும், பழுப்புத் துருவுக்கும் இடமில்லை.