வட்ஸ்அப்பில் ‘குடிவரவு அதிகாரி’ வந்தால்: படிப்படியாக என்ன செய்வது?

போன மாதம் கொக்குவிலில் இருக்கும் சித்தி தன் போனை என்னிடம் நீட்டினார். புரொஃபைல் படத்தில் சிவப்பு மேப்பிள் இலை, மூலையில் நீல டிக். பெயர் ‘கனடா இமிகிரேஷன்’. இலக்கம் +1 இல் தொடங்குகிறது. “உங்கள் விசா அனுமதிக்கப்பட்டுவிட்டது. பயோமெட்ரிக் கட்டணம் 85,000 ரூபாயை இன்று மாலை 4 மணிக்குள் செலுத்தவும். தவறினால் கோப்பு மூடப்படும்.” அதற்குக் கீழே உள்ளூர் வங்கிக் கணக்கு ஒன்று, யாரோ தனி ஆளின் பெயரில்.

மகளின் பிள்ளையைப் பார்க்க சித்தி உண்மையிலேயே விண்ணப்பித்திருந்தார். அது இந்த மோசடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் கண்ட இலக்கத்துக்கெல்லாம் அனுப்பினால், கனடா விசாவுக்குக் காத்திருக்கும் வீடு ஒன்றாவது அகப்படும். சித்தி நகையை அடகு வைக்க வெளிக்கிட்டு நின்றார்.

படி 1: பதில் போடாதீர்கள். “நீங்கள் யார்?” என்றுகூடக் கேட்க வேண்டாம். பதில் போனால், இந்த இலக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 2: பெயரைத் தட்டிப் பாருங்கள். வட்ஸ்அப் தரும் நீல டிக் பெயருக்குப் பக்கத்தில்தான் வரும். படத்துக்குள் இருந்தால் அது கீறி ஒட்டியது. +1 அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவான இலக்கம். ஒரு செயலி இருந்தால் எங்கே இருந்துகொண்டும் அதை எடுக்கலாம். எழுத்துப்பிழையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், இப்போது அவர்கள் என்னைவிட நல்ல தமிழ் எழுதுகிறார்கள்.

படி 3: அவர்கள் காட்டும் வழியை விட்டு, உங்கள் வழியால் போய்ச் சரிபாருங்கள். முழு விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. லிங்க்கை அழுத்தாமல், பிரவுசரைத் திறந்து முகவரியை நீங்களே அடியுங்கள். கனடா அரசின் தளம் ‘கனடா டாட் சிஏ’. பிரிட்டனுக்கு ‘ஜிஓவி டாட் யூகே’, அவுஸ்திரேலியாவுக்கு ‘ஜிஓவி டாட் ஏயூ’ என்று முடியும். முடிவைத்தான் பார்க்க வேண்டும்: முன்னால் ‘கனடா’ என்று இருந்து, முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னே ‘டாட் கொம்’ என்று இருந்தால் அது அரசு இல்லை.

ஒன்லைனில் விண்ணப்பித்தவருக்கு ஒரு கணக்கு இருக்கும். சித்திக்காக விண்ணப்பம் போட்டவர் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மருமகன். அவரை எழுப்பினோம், அங்கே விடியப்புறம், பாவம். கணக்கைத் திறந்து பார்த்தார்: ‘பரிசீலனையில்’ என்றே இருந்தது, புதிய கடிதம் எதுவும் இல்லை.

அப்புறம்தான் கட்டண விஷயமும் பிடிபட்டது. கனடா பயோமெட்ரிக் கட்டணம் ஒருவருக்கு 85 கனடிய டொலர். விண்ணப்பம் போடும்போதே அதை ஒன்லைனில் கட்டிவிடுவார்கள். பிறகு கடிதம் வரும், அதைக் கொண்டுபோய்க் கொழும்பில் உள்ள விசா விண்ணப்ப நிலையமான விஎஃப்எஸ்ஸில் கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். முடிவு அதற்குப் பிறகுதான். விசா கிடைத்த பிறகு பயோமெட்ரிக் காசு கேட்பது, தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்க்கிற மாதிரி. சித்தி கைரேகை கொடுத்து ஏற்கெனவே வந்துவிட்டார்!

வெளிநாட்டு வேலை என்று வந்தால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு அழைத்து, அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இருந்தாலும், அந்த வேலைக்கே அனுமதி எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால், 2025 செப்டெம்பரில் யாழ். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) திறந்த குடிவரவுக் கிளைக்கு நேரே போய்க் கேட்கலாம்.

படி 4: ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். “உறுதிப்படுத்த ஒரு கோட் வரும், சொல்லுங்கோ” என்பார்கள். சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். அடுத்து உங்கள் பெயரில் லண்டன் மாமாவிடம் காசு கேட்பார்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட், அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஒரு பின் இலக்கம் போட்டு வையுங்கள்.

படி 5: முதலில் ஸ்க்ரீன்ஷொட், பிறகு ரிப்போர்ட், பிளொக். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். இலக்கமும் வங்கிக் கணக்கும் தெரிய வேண்டும்.

காசு போய்விட்டதா? காசு வாங்கியவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே உங்கள் வங்கிக்கு அழையுங்கள். மோசடிக்காரர்கள் காசை எடுத்து முடிக்குமுன் சொன்னால்தான் ஏதாவது செய்ய இடமுண்டு. பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. வட்ஸ்அப் கணக்கு பறிபோயிருந்தால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101 க்கும் சொல்லலாம்.

சித்தியின் விசா முடிவு இன்னும் வரவில்லை. மருமகன் வாரம் ஒருதடவை கணக்கைத் திறந்து பார்த்துச் சொல்கிறார்.