செல்ஃப் எடுக்கலன்னா உடனே மோட்டார மாத்தாதீங்க

பைக் செல்ஃப் எடுக்கலன்னதும் நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை ஹாரன் அடிச்சுப் பாக்கறது. ஹாரன் நல்லா கத்துது, லைட்டும் எரியுது, அப்போ பேட்டரி ஓகே, மோட்டார்தான் போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. தப்பு இங்கயே ஆரம்பிச்சிடுது. 35 வாட் ஹெட்லைட் பல்பு இழுக்கறது சுமார் 3 ஆம்பியர், ஹாரனும் அந்த ரேஞ்சுதான், ஆனா செல்ஃப் மோட்டார் சுத்த ஆரம்பிக்கற அந்த நொடியில பல பத்து ஆம்பியர் கேக்கும், அதனால சாகக் கிடக்கற பேட்டரியில கூட ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது.

மல்டிமீட்டர் வச்சிருக்கறவங்களும் பாதியில நிறுத்திடறாங்க. சும்மா நிக்கற பேட்டரி 12.6 வோல்ட் காட்டுதுன்னா சார்ஜ் இருக்குன்னுதான் அர்த்தம், லோடு தாங்கும்னு அர்த்தம் இல்ல. இப்பதான் வண்டி ஓட்டி நிறுத்தினது, சார்ஜர்ல இருந்து எடுத்ததுன்னா அந்த ரீடிங்கையும் நம்பாதீங்க, கொஞ்ச நேரத்துக்கு சும்மாவே கூடுதலா காட்டும். மீட்டர் வயரோட ரெண்டு முள்ளையும் பேட்டரியோட ரெண்டு முனையில வச்சுக்கிட்டே செல்ஃப் பட்டன அமுக்கணும். 10 வோல்ட்டுக்கு மேல நின்னா நல்லது, 9.5-க்கு கீழ போனா சந்தேகப்படணும், 6, 7ன்னு விழுந்தா பெரும்பாலும் பேட்டரிதான் (மோட்டார் உள்ள ஜாம் ஆனாலும் இப்படி விழும், அதே அளவு நல்ல பேட்டரி ஒண்ணு மாட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்). அமுக்கியும் 12.5லயே ஆடாம அசையாம நிக்குதுன்னா கரண்ட்டே போகல, வழியில எங்கயோ கட் ஆயிருக்கு. அப்போ புது பேட்டரி வாங்கினா காசுதான் வேஸ்ட்.

மீட்டர் இல்லையா, காது இருக்குல்ல. டக்டக்டக்டக்னு வரிசையா அடிச்சா பேட்டரி வீக், இல்ல பேட்டரி முனையில வயர் மாட்டற டெர்மினல் லூசு. ஒரே ஒரு டக்கு கேட்டு அப்புறம் சத்தமே இல்லன்னா ரிலே (பட்டன அமுக்கினதும் மோட்டாருக்கு பவர் விடற சுவிட்ச்) இழுக்குது, ஆனா மோட்டாருக்கு பவர் சேரல, இல்ல சேர்ந்தும் மோட்டார் சுத்தல. ஒண்ணுமே கேக்கலன்னா பியூஸ், கில் சுவிட்ச் (ஹேண்டில்ல இருக்கற இன்ஜின் ஆஃப் சுவிட்ச்), நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் இந்தப் பக்கம் போங்க. பார்க்கிங்ல பசங்க கில் சுவிட்ச தட்டி விட்டுட்டுப் போயிருப்பாங்க, நாம பேட்டரிய கழட்டிக்கிட்டு இருப்போம். கிளட்ச் லீவருக்கு அடியில இருக்கற அந்த குட்டி சுவிட்சும் அப்படித்தான், மழையில நனைஞ்சாலும் லீவர் மாத்தினாலும் மக்கர் பண்ணும், லீவர மெதுவா இழுத்தா டிக்னு ஒரு சின்ன சத்தம் வரணும்.

டெர்மினல் விஷயம்தான் இதுல ரொம்ப பேர் கோட்ட விடற இடம். மேலோட்டமா கையால ஆட்டிப் பாத்துட்டு டைட்டா இருக்குங்கறாங்க. கழட்டிப் பாருங்க, ரிங்குக்கும் ஈயத்துக்கும் நடுவுல வெள்ளையாவோ பச்சையாவோ பவுடர் படிஞ்சிருக்கும், உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சுட்டு மாட்டினாலே பாதி வண்டி எடுத்துடும். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. உள்ள உக்காந்திருக்கற சதுர நட்டு போல்ட்டுக்கு எட்டாம கீழ இறங்கி உயிர வாங்கும், அடியில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வச்சா மேலயே நிக்கும்.

இதெல்லாம் பாக்கறவங்க கூட எர்த்த விட்டுடுவாங்க. மைனஸ் வயரோட இன்னொரு முனை இன்ஜின்லயோ சேசிஸ்லயோ ஒரு போல்ட்டுல உக்காந்திருக்கும், வண்டிக்கு பெயிண்ட் அடிச்சப்புறம் செல்ஃப் எடுக்கலன்னா அந்த போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இருக்கான்னு பாருங்க. பேட்டரி மைனஸ்ல ஒரு முள், இன்ஜின் பாடியில ஒரு முள் வச்சு செல்ஃப் அமுக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம். ரிலேயோட ரெண்டு தடி முனையையும் ஷார்ட் பண்ணா மோட்டார் சுத்துதான்னு தெரியும், உண்மைதான். ஆனா இதுல கிளட்ச் சுவிட்சு, நியூட்ரல் சுவிட்சு எதையும் கேக்காம மோட்டார் நேரா சுத்திடும், வண்டி கியர்ல இருந்தா முன்னாடி பாயும், பெட்ரோல் ஒழுகற வண்டியில அந்த நெருப்புப் பொறி போதும். மீட்டர் இருந்தா இந்த வீரமே வேணாம், அதே ரெண்டு முனையில வச்சுட்டு பட்டன அமுக்குங்க, ரிலே டக்குன்னு இழுத்தும் 12 வோல்ட் அப்படியே நின்னா ரிலே கான்டாக்ட் கருகிப்போச்சு, கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தா ரிலே ஓகே.

அதுக்கப்புறம்தான் மோட்டார் மேல கை வைக்கணும். லேசா தட்டினா சுத்துதுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்க நிறைய சான்ஸ், பிரஷ் செட் மட்டும் கிடைக்குதான்னு கேளுங்க, முழு மோட்டார் தேவைப்படாது. லேசான்னா லேசாத்தான், சுத்தியல எடுத்து அடிச்சா உள்ள இருக்கற காந்தம் விரிசல் விட்டுடும், அப்புறம் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல செகண்ட் ஹேண்ட் மோட்டார் தேட வேண்டியதுதான்.

மோட்டார் ஜோரா விர்ருன்னு சுத்துது, இன்ஜின் அசையவே இல்ல, இதுக்கும் மோட்டார மாத்தச் சொல்ற கடை இருக்கு. சுத்தற மோட்டார எதுக்குங்க மாத்தணும்? பிரச்சனை பெரும்பாலும் மேக்னெட்டுக்கு (இன்ஜினோட சுத்தி கரண்ட் தயாரிக்கற பாகம்) பின்னாடி இருக்கற, மோட்டார் சுத்தறத இன்ஜினுக்கு ஒரு பக்கமா மட்டும் கடத்தற ஒன்வே கிளட்சு, இல்ல நடுவுல இருக்கற கியர்.

இன்னொண்ணு, எடுக்கலன்னு பட்டன விடாம அமுக்கிட்டே இருக்கறது. 5 செகண்ட் அமுக்கி, ஒரு 15 செகண்ட் விட்டு அமுக்குங்க, இல்லன்னா மோட்டார் சூடேறி நல்லா இருந்ததும் கெட்டுடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா, எஃப்ஐ வண்டியில (கார்புரேட்டர் இல்லாம பம்பு வச்சு பெட்ரோல் பீச்சற வண்டி) பேட்டரி சுத்தமா செத்திருந்தா ஃபியூயல் பம்பே ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல அந்த பேச்சே இல்ல. ஆக்டிவா 6ஜி மாதிரி சத்தமில்லாம ஸ்டார்ட் ஆகற வண்டிங்கள்ல தனியா செல்ஃப் மோட்டாரே கிடையாது, மேக்னெட்டே மோட்டாரா வேலை செய்யுது, அத ஓட்டறது இசியு (வண்டியோட கம்ப்யூட்டர்), அதனால மேல சொன்ன ரிலே ஷார்ட் எதையும் அதுல முயற்சி பண்ணாதீங்க, பேட்டரியும் டெர்மினலும் பியூஸும் பாத்துட்டு சரியா இருந்தா ஸ்கேனர் வச்சிருக்கற இடத்துக்கு கொண்டு போயிடுங்க.