நேட்டால் முன்னோரைத் தேடி ஒரு வருடம்: இருப்பைக் கணக்கெடுக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த முன்னோரை ஒரு வருடம் தேடினால் பை நிறையக் காகிதம் சேர்ந்துவிடும். அடுத்த ஆவணத்துக்கு அலைவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்காருங்கள்.

முன்னோர் ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் விவரம், வலப்பக்கம் அது எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். அத்தை சொன்னதாக இருந்தால் ‘அத்தை சொன்னது’ என்றே, பென்சிலால். பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவற்றுக்கு மட்டும் பேனா. பென்சில் வரிகள்தான் வரும் வருடத்து வேலை.

அடுத்து, எண். 1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பெயர் மாறும், எண் மாறாது. பழைய திருமண, பிறப்பு, இறப்புப் பதிவுகளின் ஓரங்களில் அது இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். 1-ஐ 7 என்றும், 3-ஐ 8 என்றும் படித்துவிடுவது சகஜம். அதே எழுத்தர் மற்ற வரிகளில் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலில் அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே பத்து, கீழே பத்து வரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றாகப் பதிந்துகொண்ட உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில்தான் இருப்பார்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலருக்குத் தாத்தாவின் தம்பி கிடைக்காமலே போகிறார்.

பெயரை மட்டும் நம்பிச் சேர்த்த கிளைகளைத் தயங்காமல் வெட்டுங்கள். ஒரே கப்பலில் இரண்டு மூன்று முனுசாமி இருக்கலாம். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும், முதலியார் ‘மூட்லி’ ஆனதும் இப்படித்தான். தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப்பெயரான வீடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். வயதும் உத்தேசம்தான், ஐந்து வருடம் முன்பின் விட்டுப் பாருங்கள். தகப்பன் பெயர், தாலுகா, கிராமம் மூன்றும் பொருந்தினால் மட்டும் பேனாவை எடுங்கள்.

பழைய சான்றிதழ்களை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, அமிலமில்லாத உறையில் வையுங்கள்.

வருடம் முழுக்கத் தேடியும் எண் அகப்படவில்லையா? அவர் கூலியாக வராமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவராக இருக்கலாம். மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் உண்டு. அப்படியானால் கூலிப் பட்டியலை மூடிவிட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைக் கேளுங்கள். பிள்ளைகள் பெயர் வரிசையாக அதில் இருக்கும்.