டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டதா? பழைய மாருதி 800-இல் சரிசெய்யும் முறை

ஆயில் மாற்றிவிட்டு, எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடியில், ஆயில் வடியும் ஓட்டையை அடைக்கும் டிரெயின் போல்ட்டை முறுக்குகிறீர்கள். நன்றாக இறுகி வருகிறது. இன்னும் ஒரு இழு என்று இழுத்ததும் ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சுற்றினாலும் போல்ட் சும்மா சுற்றும். எனக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாம் மூடிய பிறகு நடந்தது.

இந்த வண்டியில் போல்ட்டின் தடிமன் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. இறுக்க வேண்டியது சுமார் 35 நியூட்டன் மீட்டர்தான். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 18 கிலோவைத் தொங்கவிட்டால் என்ன இறுக்கம் வருமோ, அவ்வளவு. ஸ்பேனரில் 60 செ.மீ. பைப்பைச் செருகி 30 கிலோ பலத்தில் இழுத்தால் அது ஐந்து மடங்கு. இருபது வருடம் இப்படி இழுபட்ட மரை எத்தனை நாள் தாங்கும்?

வேலைக்கு முன்: வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆயிலை முழுதாக வடித்துவிடுங்கள்.

போனது போல்ட்டா, ஓட்டையா?

போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மரையின் முகடுகள் தேய்ந்து கத்திபோல மெலிந்திருந்தால் தேய்மானம் போல்ட்டில். பள்ளங்களில் ஸ்பிரிங் சுற்றியதுபோல உலோக இழை சிக்கியிருந்தால் ஓட்டையின் மரை உரிந்து வந்திருக்கிறது. அலுமினிய சம்ப் உள்ள வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். மாருதி 800-இன் சம்ப் இரும்புத் தகடு என்பதால் கொஞ்சம் தாங்கும்.

முதலில் புது போல்ட், புது வாஷர்

பழைய போல்ட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். 14 மி.மீ.-இல் 1.25 இடைவெளி மரையும் உண்டு. ஸ்பார்க் பிளக்கின் மரை அதுதான். இரண்டு போல்ட்டையும் பக்கவாட்டில் சேர்த்து வைத்தால் மரைகள் ஒன்றுக்குள் ஒன்று இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் அது வேறு போல்ட்.

புதியதை விரலாலேயே கடைசிவரை சுற்றுங்கள். பாதியில் பிடித்தால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். கழற்றி, நேராகப் பிடித்து மறுபடி ஆரம்பியுங்கள். முழுதாக உட்கார்ந்து, இறுக்கும்போது திடமாக நின்றால் வேலை முடிந்தது. உள்ளே ஆழத்தில் நல்ல மரை மிச்சம் இருந்தால் இரண்டு மூன்று மி.மீ. நீளமான போல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எதிலும் இடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டையே போயிருந்தால்

கடைக்காரர் ஓவர்சைஸ் போல்ட் ஒன்றை நீட்டுவார். முறுக்க முறுக்கத் தானே மரை வெட்டிக்கொண்டு போகும். எனக்கு அது பிடிக்காது. துளி சாய்ந்து ஏறினாலும் போல்ட்டின் தலை வாஷரில் சமமாக உட்காராது; அப்புறம் காலமெல்லாம் சொட்டும். எம்-சீல் பூசுவது அதைவிட மோசம், அடுத்த ஆயில் மாற்றத்தில் உளியோடுதான் உட்கார வேண்டும்.

நான் செய்தது ஹெலிகாயில், அதாவது போன மரைக்குப் பதிலாக ஓட்டைக்குள் கம்பிச்சுருளால் புது மரை போடுவது. 14-1.5 கிட்டில் டிரில், மரை வெட்டும் டேப், கம்பிச்சுருள் எல்லாம் சேர்ந்தே வரும். ஓட்டையைப் பெரிதாக்கி, டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொண்டு மரை வெட்டுங்கள். சீவல்கள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். பிறகு சுருளின் வெளிப்பக்கம் மரைப்பசை தடவி, விளிம்புக்கு அரை மரை உள்ளே போகும்வரை சுற்றுங்கள். அதன் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் இருக்கும். அதை நீளமூக்கு பிளையரால் பிடித்தபடியே உடைத்து வெளியே எடுங்கள், சம்ப்புக்குள் விழக்கூடாது.

படுத்துக்கொண்டு டிரில்லை நேராகப் பிடிக்க முடியாதென்று தோன்றினால், சம்ப்பைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் சம்ப்பையே மாற்றுவதுதான் வழி.

மூடுவதற்கு முன்

போல்ட்டைப் போடாமல், மேலிருந்து அரை லிட்டர் மலிவான ஆயிலை ஊற்றி வடியவிடுங்கள். தட்டில் விழும் ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். பொடி ஒட்டினால் இன்னொரு அரை லிட்டர். சுத்தமானதும் புது வாஷரோடு போல்ட்டைப் போட்டு, ஆயில் ஊற்றுங்கள். மரைப்பசை காய எவ்வளவு நேரம் என்று அதன் உறையில் போட்டிருக்கும். அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள். பிறகு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் ஓட்டலாம்.