கிரியற்றினின் சரியென்றால் கிட்னி சரியென்று இல்லை

சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி ஒன்று காயப்பட்டால், அந்த இடத்தில் கொலாஜன் நார் படிந்து தழும்பாகிவிடும். பிறகு அது வடிக்காது. மிச்சமுள்ளவை கூடுதல் அமுக்கத்தில் வேலை செய்து நாளடைவில் தாமும் தழும்பாகும். பழைய தழும்பைக் கரைக்கக் குளிசை இல்லை. புதிதாக வராமல் தடுக்கத்தான் வழி இருக்கிறது.

கிட்னி வடித்து வெளியேற்றும் கழிவான கிரியற்றினினின் அளவை மட்டும் இரத்தத்தில் பார்த்து ஆறுதல் அடைவது முதல் பிழை. வடிக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகும் அது வழமையான எல்லைக்குள் நிற்கலாம். நீரிழிவோ பிரஷரோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுவதைக் காட்டும் அல்புமின்-கிரியற்றினின் விகிதமும் பார்க்கவேண்டும். அது கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டி 3 மாதம் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய்தான். இன்னொன்று: இரத்தக் கிரியற்றினினை ஒரு லாப் மில்லிகிராமில் தரும், மற்றது மைக்ரோமோலில். 1.4 என்பதும் 124 என்பதும் ஒன்றே. மைக்ரோமோல் கணக்கை 88.4 ஆல் பிரித்துப் பாருங்கள், வீண்பயம் வேண்டாம்.

பிரஷருக்கும் கிட்னியைக் காக்கவும் கொடுக்கும் லொசாட்டன், எனலப்பிரில் குளிசைகளைத் தொடங்கியதும் கிரியற்றினின் கொஞ்சம் ஏறும். ‘குளிசைதான் கிட்னியைப் பழுதாக்குது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வடிகட்டிக்குள் அமுக்கம் குறைவதால் வரும் ஏற்றம் அது. 30 சதவீதம் வரை பொறுக்கலாம். 1.4 இலிருந்து 1.7 ஆனால் நிறுத்தவேண்டியதில்லை, 2.0 ஆனால் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். தொடங்கி 2 முதல் 4 கிழமைக்குள் பொற்றாசியத்தோடு சேர்த்துச் சோதியுங்கள்.

மிக மோசமான பிழை, முழங்கால் நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக். அது வடிகட்டிக்கு இரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். லொசாட்டன் வெளியேறும் குழாயை விரிக்கும். சலம் போகும் குளிசை உடல் நீரைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அமுக்கமே விழுந்துவிடும். அளவோடு பரசிற்றமோல் போதும். ஐபுபுரோபனும் டைக்குளோபினாக்கின் இனம்தான்.

கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் குடியாமல் விரதம் இருப்பவர்களும், வாந்தி வயிற்றோட்டம் வந்தவர்களும் எந்தக் குளிசையை அன்று நிறுத்துவதென்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவேண்டும்.

கொலஸ்ட்ரோலுக்கென்று வெறுவயிற்றில் குடிக்கும் பிலிம்பிக்காய்ச் சாறு கூடவே கூடாது. அதிலுள்ள ஒக்சலேற் பளிங்காகிச் சிறுகுழாய்களை அடைக்கும். இளநீர் அப்படியல்ல; ஆனால் இரத்தத்தில் பொற்றாசியம் கூடியவர்களுக்குத் தடை. கருவாடும் மோர்மிளகாயும் தினமும் தட்டில் இருந்தால், நாளுக்கு 5 கிராம் உப்பென்ற கணக்கு மத்தியானத்தோடேயே முடிந்துவிடும்.