என்ஜின்எக்ஸை வேறு சர்வருக்கு மாற்றும்போது

உபுண்டு 20.04 மெஷினில் இருக்கும் என்ஜின்எக்ஸை (வெப் சர்வர் மென்பொருள்) 24.04-க்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) டிடிஎல்லை (அந்தப் பதிலை எவ்வளவு நேரம் கேஷில் வைக்கலாம் என்ற அளவு) 300 விநாடிக்கு இறக்கிவிடுங்கள். பழைய மதிப்பு 86400 என்றால், அந்த ஒரு நாள் கழிந்தால்தான் புது மதிப்பு எல்லோருக்கும் போய்ச் சேரும்.

பழைய சர்வரில் என்ஜின்எக்ஸ் கமாண்டை மைனஸ் பெரிய டி போட்டு ஓட்டுங்கள். இன்க்ளூட் ஆன ஃபைல்களோடு முழு கான்ஃபிக்கும் வந்து விழும். அதில் ஸ்லாஷில் தொடங்கும் பாத்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள்: சான்றிதழ், பாஸ்வேர்ட் ஃபைல், லாக் ஃபோல்டர், பிஎச்பி சாக்கெட் (என்ஜின்எக்ஸ் பிஎச்பியோடு பேசப் பயன்படுத்தும் ஃபைல்). காலை வாருவது பெரும்பாலும் இவைதான்.

புது மெஷினில் என்ஜின்எக்ஸையும் அதன் மாட்யூல்களையும் ஏபிடி (உபுண்டுவின் பேக்கேஜ் கருவி) மூலமே போடுங்கள். பழைய மாட்யூல் ஃபைலைக் காப்பி செய்தால், வெர்ஷன் ஒத்துப்போகாமல் என்ஜின்எக்ஸ் கிளம்பவே கிளம்பாது.

லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசச் சான்றிதழ்) ஃபோல்டரை ரூட்டாக (அட்மின் யூசராக) இருந்து, ஆர்சிங்க் என்ற காப்பி கமாண்டை மைனஸ் ஏ போட்டு முழுசாக எடுங்கள். 'லைவ்' ஃபோல்டரில் இருப்பவை 'ஆர்கைவ்' ஃபோல்டருக்குப் போகும் சிம்லிங்க்குகள் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகள்). எஸ்சிபி என்ற காப்பி கமாண்டில் எடுத்தால் அவை நிஜ ஃபைல்களாகிவிடும். சைட் அன்றைக்கு ஒழுங்காகத்தான் ஓடும். சில வாரம் கழித்து, சான்றிதழைப் புதுப்பிக்கும்போது சர்ட்பாட் (சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் கருவி) முரண்டு பிடிக்கும்.

அடுத்து, கான்ஃபிக்கைப் புது மெஷினில் போட்டபின், என்ஜின்எக்ஸ் கமாண்டை மைனஸ் சின்ன டி போட்டு ஓட்டுங்கள்; கான்ஃபிக் சரியா என்று அது சோதிக்கும். லாக் ஃபோல்டர் இல்லாவிட்டால் இங்கேயே தெரியும். ஆனால் 'டெஸ்ட் சக்சஸ்ஃபுல்' என்று வந்ததுமே நிம்மதியாகிவிட வேண்டாம். பிஎச்பி சாக்கெட் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. 20.04-இல் சாக்கெட்டின் பெயரில் 7.4 இருக்கும், 24.04-இல் 8.3. கான்ஃபிக்கில் மாற்றாவிட்டால் 502 பிழை (பிஎச்பியோடு பேச முடியவில்லை) வரும். சைட் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்தால் 403 பிழையையும் (அனுமதி இல்லை) எதிர்பாருங்கள்: 21.04 முதல் புது ஹோம் ஃபோல்டர்களுக்குப் பர்மிஷன் 750, அதனால் என்ஜின்எக்ஸ் ஓடும் யூசரால் உள்ளே நுழைய முடியாது. 'லிசன்' வரியில் பழைய ஐபி இருந்தால் பைண்ட் பிழை (அந்த ஐபி இந்த மெஷினில் இல்லை), எண் 99.

டிஎன்எஸ்ஸைத் தொடும் முன் கர்ல் (டெர்மினலில் இருந்தே சைட்டைக் கேட்டுப் பார்க்கும் கருவி) கமாண்டின் 'ரிசால்வ்' ஆப்ஷனில் டொமைன், 443, புது ஐபி மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பிறவுசரை நம்ப வேண்டாம், கேஷ் ஏமாற்றும். ஃபயர்வாலில் 80, 443 திறந்திருக்க வேண்டும்.

டிஎன்எஸ் மாறிய பிறகு சர்ட்பாட் ரின்யூவை 'டிரை ரன்' (ஒத்திகை) போட்டுப் பாருங்கள். எச்டிடிபி முறையில் அதற்கு முன் செய்தால், சரிபார்ப்பு பழைய மெஷினுக்கே போய்த் தோற்கும். பழைய சர்வரின் ஆக்சஸ் லாகில் ஆள் நடமாட்டம் அடங்கும்வரை அதை அணைக்காதீர்கள்.