ஸ்ட்ரிங்ஸ் எழுதப் பழகுகிறவர்கள் ஸ்கோரில் கோட்டை விடும் இடங்கள்

குன்னூரில் என்னிடம் ஸ்ட்ரிங்ஸுக்கு (வயலின், அதைவிடப் பெரிய வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்னும் வில் வாத்தியங்களுக்கு) இசை எழுதப் பழக வருகிற பிள்ளைகளில் பலர் சர்ச் கொயரில் பாடுகிறவர்கள். காது நன்றாக இருக்கிறது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் ஸ்கோரில், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய இசைத்தாளில், அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே நோட் எழுதினால் மென்பொருளே சிவப்பில் காட்டிவிடும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

கீபோர்டு கார்டை (ஒன்றாக அழுத்தும் நோட்களை) அப்படியே பிரித்துக் கொடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இடது கை கீழே ஸி, ஈ, ஜி மூன்றையும் நெருக்கி அழுத்தும். அதை அப்படியே செல்லோவுக்கும் பாஸுக்கும் பங்கு போட்டுவிடுவார்கள். பியானோவில் தட்டிய நொடியிலிருந்தே ஒலி தேயும் என்பதால் அந்த நெருக்கம் ஓரளவு தாங்கும். செல்லோவிலும் பாஸிலும் வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஒலி அப்படியே நிற்கும். அடியில் ஒரே சேறு. மொசார்ட் 1787-இல் எழுதிய ‘ஐன க்ளைன நாஹ்ட்மூசிக்’ ஸ்கோரைப் பாருங்கள்: செல்லோவுக்கும் பாஸுக்கும் ஒரே வரி, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இடைவெளியில் ஒலிக்கும். நெருக்கமெல்லாம் மேலேதான்.

கோத்தகிரிப் பையன் ஒருவன் இப்படி எழுதிய பாட்டோடு சென்னைக்குப் போய், கால்ஷீட் கணக்கில் ஆட்களை அமர்த்தினான். பாதி நேரம் அங்கேயே உட்கார்ந்து வயோலா வரியைத் திருத்துவதில் போயிற்று. அத்தனையும் சேர்த்து வைத்த பணம். கொயரில் அவன் டெனர், ஆண்களில் மேல்குரல். டெனருக்கென்று ஏறி இறங்கும் தனி வரி உண்டென்று அவனுக்குத் தெரியாதா? கீபோர்டு முன் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. அப்புறம்தான் வகுப்பில் இந்தச் சட்டம் வந்தது: இரண்டாம் வயலின், வயோலா வரிகளைத் தனித்தனியே பாடிக் காட்ட வேண்டும். பாட முடியாவிட்டால் திரும்ப எழுது.

மெட்டை மட்டும் பின்தொடர்வது

சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி (1893), கடைசிப் பகுதியின் தொடக்கம். காதில் விழும் மெட்டு எந்த வரியிலும் முழுதாக இல்லை! ஒரு நோட் முதல் வயலினில், அடுத்தது இரண்டாம் வயலினில் என்று மாறி மாறிப் போகிறது. பிறகு அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலினுக்கே முழுதாகக் கிடைக்கிறது. இரண்டு இடங்களையும் ஸ்கோரை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கேளுங்கள்.

எல்லாருக்கும் எப்போதும் வேலை கொடுப்பது

பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி: வயோலாவும் செல்லோவும் ஒன்றாக மெட்டை வாசிக்க, பாஸ் விரலால் சுண்டுகிறது. வயலின்கள் சும்மா காத்திருக்கின்றன.

ஸ்லர்

நோட்களைச் சேர்க்கும் இந்த வளைகோடு, ஒரே வில் இழுப்பில் எத்தனை நோட் என்பதைச் சொல்கிறது. அழகுக்காகப் போடாதீர்கள்.

டபுள் பாஸ்

எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும்.

ஆல்டோ க்ளெஃப்

எந்தக் கோடு எந்த நோட் என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் குறிகளில் ஒன்று. படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வயோலா அதில்தான் இருக்கிறது.